நாலு போட்டியா, ரெண்டு போட்டியா?

2019 ஏப்ரல் 14, ஞாயிற்றுக்கிழமை, தமிழ்ப் புத்தாண்டு. அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் ஹாக்கெசின் கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டு புளியோதரைத் தட்டோடு நின்றுகொண்டிருந்தபோது, முன்பு எங்கள் அபார்ட்மெண்டில் குடியிருந்த அக்கா ஒருவர் வந்து பேச்சுக் கொடுத்தார். மறுநாள் ஏப்ரல் 15, ஃபெடரல் வரி ரிட்டர்ன் போடக் கடைசி நாள் என்பதால் பேச்சு தானாகவே டாக்ஸ் பக்கம் போய்விட்டது.

"ஃபைல் பண்ணியாச்சாப்பா?"

"பிப்ரவரியிலேயே முடிச்சுட்டேன்க்கா," கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

"ரெண்டு பேருக்கும் சம்பளம் வருதுல்ல? டெலவேர்ல நாலு போட்டியா, ரெண்டு போட்டியா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புளியோதரையைத்தான் கேட்கிறார் என்று ஒரு நொடி நினைத்தேன். அவர் கேட்டது ஸ்டேட் ரிட்டர்னில் ஃபைலிங் ஸ்டேட்டஸ் கட்டத்தில், அதாவது தனியாளா, கணவன் மனைவி கூட்டாகவா, தனித்தனியாகவா என்று சொல்லும் கட்டத்தில், போடும் எண்ணை. நான் என்ன போட்டேன் என்று எனக்கே தெரியாது. ஃபெடரலில், அதாவது மத்திய அரசு வரியில், கூட்டாகத் தாக்கல் செய்கிறோம் என்று தேர்ந்தெடுத்திருந்தேன், மென்பொருள் அதையே எடுத்து மாநிலப் படிவத்திலும் ஒட்டியிருக்கும், நான் நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று அழுத்திக்கொண்டே போயிருப்பேன். அப்படித்தான் நடந்திருந்தது என்பது அன்று இரவு வீட்டுக்கு வந்து பிடிஎஃப்பைத் திறந்து பார்த்தபோது தெரிந்தது. கட்டத்தில் 2, அதாவது கூட்டு.

நம் ஊரிலிருந்து வருகிற யாருக்கும் இந்த விஷயம் முதலில் மண்டையில் ஏறாது, ஏனென்றால் இந்தியாவில் கணவன் மனைவி சேர்ந்து ரிட்டர்ன் போடும் வழக்கமே இல்லை. ஆளுக்கொரு பான் கார்டு, ஆளுக்கொரு ரிட்டர்ன். கல்யாணம் ஆனதா என்று வருமான வரித்துறை கவலைப்படாது. இங்கே வந்து அந்த ஐந்து கட்டங்களைப் பார்க்கும்போது அதை ஏதோ பெயர், பாலினம் மாதிரி ஒரு விவரம் என்று நினைத்து டிக் அடித்துவிடுகிறோம். வரித் தொகையே அதைப் பொறுத்து மாறும் என்று தோன்றுவதில்லை.

நான் இதில் புதிதாக ஏமாந்தவனும் இல்லை. 2014-க்கான ரிட்டர்னில், கல்யாணத்துக்கு முன்பு, இதைவிடப் பெரிய கூத்து ஒன்று செய்தேன். கட்டங்களில் 'ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட்' என்று ஒன்று இருக்கிறது. குடும்பத் தலைவர்! ரேஷன் கார்டில் அப்பா பெயருக்கு மேலே இருக்குமே, அதே பதவி என்று நினைத்துக்கொண்டேன். ஊரில் அம்மா அப்பாவுக்கு மாதாமாதம் பணம் அனுப்புவது நான், தங்கை படிப்புக்குக் கட்டியது நான், அப்புறம் வேறு யார் குடும்பத் தலைவர்? டிக். வரி இரண்டாயிரம் டாலருக்குக் கொஞ்சம் மேல் குறைந்தது, ரீஃபண்டும் வந்துவிட்டது. ஆறு மாதம் கழித்து ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் இதைப் பெருமையாகச் சொல்ல, அவர் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் விதியைத் தேடிப் படித்தேன்.

அந்தக் கட்டம் பொதுவாகக் கல்யாணம் ஆகாதவருக்கு, அல்லது சட்டப்படி அப்படிக் கருதப்படுகிறவருக்கு. வீட்டுச் செலவில் பாதிக்கு மேல் அவர் செய்திருக்க வேண்டும், அதோடு தகுதியுள்ள ஒருவர் அவரைச் சார்ந்திருக்க வேண்டும். பெற்றோர் கூடவே வசிக்க வேண்டும் என்றில்லை, ஆனால் அவர்கள் அமெரிக்கக் குடிமக்களாகவோ அமெரிக்க, கனடா, மெக்சிகோவாசிகளாகவோ இருக்க வேண்டும். தஞ்சாவூரில் இருக்கும் அம்மா அப்பா அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். எவ்வளவு பணம் அனுப்பினாலும் சரி. திருத்த ரிட்டர்ன் போட்டு, மிச்சம் என்று நினைத்ததை வட்டியோடு கட்டினேன். இதில் வேடிக்கை என்னவென்றால் டெலவேர் வரியில் அந்தக் கட்டத்தால் எனக்கு ஒரு சென்ட்கூட லாபம் இல்லை. அங்கே குடும்பத் தலைவருக்கும் தனியாளுக்கும் ஒரே ஸ்லாப், ஒரே கழிவு. ஃபெடரலில் பெரிதாக இருப்பது மாநிலத்தில் ஒன்றுமே இல்லாமல் போகலாம் என்பது எனக்கு அன்றே உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை.

அடுத்த குழப்பம் 2016-இல். கார்த்திகைக் கடைசி முகூர்த்தத்தில், ஐந்நூறு ஆயிரம் நோட்டு செல்லாது என்று அறிவித்த மறுமாதம், எனக்குக் கல்யாணம். மண்டபத்துக்கு மீதிப் பணம் கொடுக்க அப்பா பேங்க் வரிசையில் நின்றதுதான் அந்தக் கல்யாணத்தில் எல்லோரும் இன்றும் சொல்லும் கதை. நான் மட்டும் திரும்பி வந்தேன், அவள் 2017 தொடக்கத்தில் வந்தாள். வருடத்தில் பதினொன்றரை மாதம் பிரம்மச்சாரியாக இருந்தவன் தனியாள் என்றுதானே போடுவான்? கிடையாது. டிசம்பர் 31 அன்று என்ன நிலையோ அதுதான் முழு வருடத்துக்கும். மார்கழியில் நம்மவர்கள் கல்யாணம் வைப்பதில்லை என்பதால் கடைசி நாள் சிக்கல் நமக்கு அதிகம் வராது, ஆனால் கார்த்திகைக் கல்யாணம் எல்லாம் இந்தக் கோட்டுக்கு உள்ளேதான் விழும்.

அந்த வருடம் எனக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, மனைவியையும் அமெரிக்கவாசியாகக் கருதச் சொல்லி இருவரும் கையெழுத்திட்ட ஒரு கடிதத்தை இணைத்துக் கூட்டாகத் தாக்கல் செய்வது. அப்படிச் செய்தால் சென்னையில் அவள் வாங்கிய சம்பளத்தையும் டாலராக மாற்றிக் காட்ட வேண்டும், அவளுக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாததால் அதற்குப் பதிலாக வரித்துறை தரும் ஐடிஐஎன் எண்ணுக்கும் விண்ணப்பிக்க வேண்டும். இன்னொன்று, கல்யாணமாகித் தனியே தாக்கல் செய்பவன் என்று போட்டு, மனைவியின் எண் கேட்கும் இடத்தில் 'என்ஆர்ஏ' (அமெரிக்கவாசி அல்லாத வெளிநாட்டவர்) என்று எழுதி அனுப்புவது. நான் இரண்டாவதைச் செய்தேன். கணக்குப் போட்டுப் பார்த்துச் செய்யவில்லை, ஐடிஐஎன் படிவத்தைப் பார்த்துப் பயந்து செய்தேன். கூட்டாகப் போட்டிருந்தால் நிறைய மிஞ்சியிருக்கும் என்று பின்னால்தான் தெரிந்தது. தனியாகப் போட்டதை மூன்று வருடத்துக்குள் கூட்டாக மாற்றிக்கொள்ள ஃபெடரல் அனுமதிக்கிறது (கூட்டாகப் போட்டதைக் கடைசித் தேதிக்குப் பிறகு தனித்தனியாக மாற்ற விடாது, இந்த ஒருவழிப் பாதையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்), ஆனால் அந்த மூன்று வருடமும் சோம்பலிலேயே போய்விட்டது.

சரி, புத்தாண்டு இரவுக்கு வருவோம்.

ஃபெடரலில் கூட்டாகத் தாக்கல் செய்தால் ஸ்லாபும் பெரும்பாலும் இரட்டிப்பாக விரிந்து கொடுக்கும். டெலவேரில் விரியாது. முதல் 2,000 டாலருக்கு வரி இல்லை, அங்கிருந்து 2.2 சதவீதத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏறி, 60,000-ஐத் தாண்டியதும் 6.6 சதவீதம். தனியாள் என்றாலும் சரி, கணவன் மனைவி இருவரின் வருமானத்தைச் சேர்த்துப் போட்டாலும் சரி, அதே 60,000. அதாவது கூட்டாகப் போட்டால் என் சம்பளமே கீழ்ப்படிகளை எல்லாம் நிரப்பிவிடுகிறது, அவள் சம்பளம் முதல் டாலரிலிருந்தே உச்சிப்படியில் போய் உட்காருகிறது.

இதற்கு டெலவேர் தானே ஒரு வாசல் வைத்திருக்கிறது. அதுதான் அக்கா சொன்ன 4. கல்யாணமானவர்கள், ஒரே படிவத்தில், ஆனால் கணக்கு மட்டும் தனித்தனியாக. படிவத்தில் ஏ, பி என்று இரண்டு பத்திகள் இருக்கும். ஏ பத்தி துணைவருக்கு, 4 போட்டவர்களுக்கு மட்டும். மற்ற எல்லோரும் பி பத்தியில் எழுத வேண்டும் என்று மேலேயே அச்சடித்திருக்கிறார்கள். என் பிடிஎஃப்பில் ஏ பத்தி மேலிருந்து கீழ்வரை காலியாக இருந்தது. பிப்ரவரியில் ஒருமுறை புரட்டிப் பார்த்தபோதும் அது காலியாகத்தான் இருந்திருக்கும். ஒரு படிவத்தில் பாதிப் பத்தி ஏன் வெறுமையாக இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை பாருங்கள்.

ஃபெடரலில் தனித்தனியாகப் போட வேண்டாமா என்று என் மனைவி கேட்டாள். வேண்டாம், இதுதான் முக்கியம். டெலவேரில் 4 போட ஃபெடரலைத் தொடவே தேவையில்லை. ஃபெடரலில் தனித்தனியாகப் போனால் படிப்புச் செலவுச் சலுகை, படிப்புக் கடன் வட்டிக் கழிவு என்று பல போய்விடும், பெரும்பாலானவர்களுக்கு நஷ்டம்தான். அங்கே கூட்டு, இங்கே தனி என்று இருக்கலாம்.

பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். அவள் சம்பளம் 64,800, என்னுடையது 91,400. அந்த வருடம் டெலவேரின் நிலையான கழிவான ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் ஆளுக்கு 3,250, கூட்டாகப் போட்டால் 6,500. அதனால் கழிவில் வித்தியாசம் இல்லை. வரிக்குரிய தொகை அவளுக்கு 61,550, எனக்கு 88,150. 60,000 வரைக்கும் உள்ள வரி 2,943.50. தனித்தனியாகப் போட்டால் இந்த மலிவான 60,000 இருவருக்கும் ஒவ்வொன்று கிடைக்கிறது, கூட்டாகப் போட்டால் ஒன்றுதான். இன்னொரு 60,000 முழுவதற்கும் 6.6 சதவீதம், அதாவது 3,960 கட்ட வேண்டும். 3,960-இலிருந்து 2,943.50-ஐக் கழித்தால் 1,016.50. இருவருடைய வரிக்குரிய தொகையும் 60,000-ஐத் தாண்டிவிட்டால் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் வித்தியாசம் இதே 1,016.50தான். ஒரு கட்டத்தில் ஒரு எண். அக்கா தமிழ்ப் புத்தாண்டுக்குக் கைநீட்டமாக ஆயிரம் டாலர் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

துணைவருக்குப் பகுதிநேர வேலை, வரிக்குரிய தொகை 20,000தான் என்றாலும் 579 டாலர் மிஞ்சும், மற்றவர் 60,000-ஐத் தாண்டியிருந்தால். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு 4 போடச் சொல்லமாட்டேன். ஒருவருக்கு வருமானமே இல்லை என்றால் அவர் பத்தியில் இருக்கும் 3,250 கழிவும் 110 டாலர் தனிநபர் சலுகையும் எதிலும் கழியாமல் வீணாகிவிடும், அப்போது 2தான் சரி. 2017-இல் என் மனைவிக்கு எச்-4 (துணைவர் விசா) வேலை அனுமதி வந்து வேலையில் சேரவே அக்டோபர் ஆகிவிட்டது, அந்த வருடத்தில் 2-க்கும் 4-க்கும் அவ்வளவு வித்தியாசம் வந்திருக்காது. 2018-இல் முழு வருடச் சம்பளம். வீட்டில் நடந்த மாற்றம் மென்பொருளுக்குத் தெரியாது, அது போன வருடம் போட்டதையே திரும்ப எடுத்துக்கொண்டு வரும். வேலை கிடைத்தது, வேலை போனது, குழந்தை பிறந்தது, ஒருவர் வேறு மாநிலத்துக்குப் போனார் என்றால் அந்த வருடம் அந்தக் கட்டத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

அதிர்ஷ்டம் என்னவென்றால், டெலவேருக்குக் கடைசித் தேதி ஏப்ரல் 15 இல்லை, ஏப்ரல் 30. கெடு முடிவதற்குள் திருத்த ரிட்டர்னை அனுப்ப எனக்கு இரண்டு வாரம் இருந்தது. ஒரு மாலை முழுக்க உட்கார்ந்தோம். சம்பளம் பிரிப்பது சுலபம், அவரவர் டபிள்யூ-2 (ஆபீஸ் தரும் வருடச் சம்பளச் சான்று) அவரவர் பத்தியில், அதில் பிடித்த டெலவேர் வரியும் அவரவர் பத்தியில். இருவர் பெயரிலும் இருந்த சேமிப்புக் கணக்கின் வட்டி 212 டாலர், ஆளுக்கு 106. நான் விற்ற பங்கு என் பெயரில் மட்டும் இருந்ததால் அந்த லாபம் முழுக்க எனக்கு. ஊரில் அவள் பெயரில் இருந்த வைப்புநிதி வட்டி அவளுக்கு. இரண்டு பத்தியையும் கூட்டினால் ஃபெடரல் ரிட்டர்னில் உள்ள மொத்தம் டாலர் பிசகாமல் வர வேண்டும், எங்களுக்கு முதலில் 106 இடித்தது, வட்டியை ஒரு பத்தியில் போட மறந்திருந்தோம். மொத்தத்தைச் சரிபார்க்காமல் அனுப்பியிருந்தால் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கும். லாபமாகப் பார்த்து வருமானத்தை இஷ்டப்படி அங்கும் இங்கும் தள்ளவும் கூடாது, யார் சம்பாதித்ததோ யார் பெயரில் இருக்கிறதோ அவர் பத்திதான்.

ஒருவர் விவரமான கழிவுப் பட்டியல் போட்டால் மற்றவரும் அப்படியே போட வேண்டும், ஒருவர் பட்டியல், ஒருவர் ஸ்டாண்டர்டு என்று கலக்க முடியாது. வீட்டுக் கடன் இருப்பவர்கள் அங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பிள்ளை பிறந்து டேகேர் கட்ட ஆரம்பித்த பிறகு இன்னொன்று தெரிந்தது: குழந்தைப் பராமரிப்புச் சலுகையை 4 போட்டவர்கள், வரிக்குரிய தொகை யாருக்குக் குறைவோ அவர் பத்தியில்தான் எடுக்க முடியும். நான் அதை என் பத்தியில் எழுதி வைத்திருந்தேன். மென்பொருள் திட்டியது, நல்லவேளை.

டெலவேரில் உள்ள வில்மிங்டன் நகரத்துக்குக் கட்டும் 1.25 சதவீதச் சம்பள வரியில் இந்த வித்தை எதுவும் செல்லாது. கல்யாணம் ஆனாலும் ஆகாவிட்டாலும் அது பிடித்துக்கொண்டு போகும்.

இதற்குப் பிறகு எனக்கு ஒரு வியாதி பிடித்துவிட்டது. யார் வீட்டுக்குப் போனாலும் உங்கள் ஸ்டேட்டில் என்ன போட்டீர்கள் என்று கேட்பேன். வில்மிங்டனில், பேங்குகளை ஈர்க்க டெலவேர் 1981-இல் கொண்டுவந்த சட்டத்துக்குப் பிறகு வந்து குவிந்த கிரெடிட் கார்டு பேங்குகளை நம்பித்தான் எங்கள் பக்கத்து ஐடி கூட்டமே இருக்கிறது, அதில் பாதிப்பேர் எல்லை தாண்டி பென்சில்வேனியாவிலும் நியூஜெர்சியிலும் வீடு வாங்கியவர்கள், அதனால் பேச்சுக்குப் பஞ்சமில்லை. பென்சில்வேனியாக்காரர்களுக்கு அவர்கள் மாநிலத்தில் தலைவலி குறைவு. எல்லோருக்கும் ஒரே 3.07 சதவீதம், கூட்டாகப் போட்டாலும் தனியாகப் போட்டாலும் பெரும்பாலும் ஒன்றுதான், 'குடும்பத் தலைவர்' கட்டமே கிடையாது. ஆனால் அவர்கள் டெலவேரில் வேலை பார்த்தால் இங்கே வெளியூர்க்காரருக்கான படிவம் போட வேண்டும், அதில் இந்த 4 கிடையாது. பிரித்துக் காட்ட வேண்டும் என்றால் ஆளுக்கொரு படிவம்தான்.

நான் பார்த்ததில் பெரிய தொகை தப்பியது நியூஜெர்சியில் இருக்கும் ஒரு தோழிக்கு. அவர் எடிசனில், கணவர் டாம்பாவில். கணவருக்குப் பல வருடமாக வேலை, வீடு, லைசென்ஸ் எல்லாம் ஃபுளோரிடாவில். கல்யாணத்துக்குப் பிறகும் கொஞ்ச காலம் இருவரும் அவரவர் ஊரிலேயே இருந்தார்கள். ஃபுளோரிடாவில் மாநில வருமான வரி இல்லை. ஃபெடரலில் கூட்டாகப் போட்டார்கள், சரி. நியூஜெர்சியிலும் கூட்டாகவே போட இருந்தார்கள். அந்த மாநிலத்தில் பொது விதி, ஃபெடரலில் என்ன நிலையோ அதேதான். ஆனால் வருடம் முழுக்க ஒருவர் நியூஜெர்சிவாசி, மற்றவர் வருடம் முழுக்க வெளிமாநிலத்தவர் என்றால், உள்ளூர்க்காரர் தனியாகத் தாக்கல் செய்யலாம். கூட்டாகத்தான் போடுவேன் என்றால் போடலாம், ஆனால் இருவரையுமே நியூஜெர்சிவாசியாகக் கருதி வரி போடுவார்கள், அதாவது டாம்பா சம்பளத்துக்கும். தோழி சம்பளம் 95,000, கணவருடையது 1,30,000. தோராயமாகக் கணக்குப் போட்டதில் வித்தியாசம் ஆறாயிரம் டாலருக்கு மேல். தோழி போனிலேயே கொஞ்ச நேரம் பேசவில்லை.

இதைக் கேட்டுவிட்டு இன்னொருவர், ஆறு மாத புராஜெக்டுக்காக ஃபுளோரிடா போய், வெள்ளிக்கிழமை தோறும் பிளேன் பிடித்து நியூஜெர்சி வீட்டுக்கு வருகிறவர், தானும் வெளிமாநிலத்தவர் என்று போடலாமா என்று கேட்டார். முடியாது. நிரந்தர வீடு எங்கே, வேலை முடிந்தால் எங்கே திரும்பி வருவீர்கள் என்பதுதான் கேள்வி, சூட்கேஸ் எங்கே இருக்கிறது என்பது இல்லை. நியூயார்க்கிலும் கணவன் மனைவியில் ஒருவர் அந்த மாநிலத்தவர், மற்றவர் இல்லை என்றால் இதே மாதிரி ஒரு விலக்கு உண்டு. விதியின் வார்த்தைகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், அதனால் அந்தந்த மாநிலப் படிவத்தோடு வரும் விளக்கக் குறிப்பில் ஃபைலிங் ஸ்டேட்டஸ் பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள். ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு. மென்பொருளில் இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்து, தொகையைக் குறித்து வைத்துக்கொண்டு, அப்புறம் அனுப்புங்கள். நான் இப்போதெல்லாம் ஃபெடரலையும் ஸ்டேட்டையும் ஒரே நாளில் அனுப்புவதே இல்லை. ஃபெடரல் முடித்து ஒரு ராத்திரி தூங்கி எழுந்துதான் ஸ்டேட்டைத் திறப்பேன்.

அந்த வருட ரீஃபண்ட் காசோலை ஜூனில் வந்தது. 1,016 டாலர் சொச்சம். புதுப் படிவத்துக்கு வேறு பெயர் வைத்துவிட்டார்கள், ஏ பத்தி மட்டும் அப்படியே இருக்கிறது. அடுத்த வருடம் என் மனைவிக்குச் சம்பளம் என்னைவிடக் கூடியது. ரிட்டர்ன் போட உட்கார்ந்ததும், ஃபெடரலிலிருந்தே தன் பெயரை முதலில் போடச் சொன்னாள். போட்டேன். ஏ பத்தியில் இப்போது நான்தான் இருக்கிறேன், துணைவர், 4 போட்டவர்களுக்கு மட்டும்.